கிளாரா மேடம் தாமதம் செய்யவில்லை

ரங்கநாதன் தெருவில் குக்கருக்கு வாஷர் வாங்க நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. திரையில் கிளாராவின் பெயர். ஒரு வருடத்துக்கு மேலாக வராத பெயர். கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டே போனது. எடுத்தவுடன், “ஒருவழியா ஞாபகம் வந்துதா?” என்றேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

“சார், நான் பீட்டர். கிளாரா அக்காவோட தம்பி. அக்கா போய்ட்டாங்க சார்.”

காலைப் பூசைக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டக் குனிந்தபடியே வாசலில் சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. “உங்களுக்குத்தான் சார் மொதல்ல சொல்றேன்,” என்றார் பீட்டர். ஒரு கணம் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. அவருடைய அடுத்த பேச்சில் அது அடங்கிவிட்டது. “அக்கா போன்ல பேரெல்லாம் அகர வரிசையில கீது, உங்க பேருதான் மொதல்ல வந்துச்சு. ஆதிமூலம்னு.”

கடைக்காரர், “மூணு லிட்டரா, அஞ்சு லிட்டரா சார்?” என்று மறுபடியும் கேட்டார். மூன்று என்றேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்கு மூன்றே அதிகம்.

தி.நகர் அலுவலகத்தில் கிளாராவுடன் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள் என்று எழுத ஆசைதான். வந்தது நானும் இம்தியாஸும். அவரும் பெட்டியை மூடிய பிறகுதான் வந்தார். மந்தைவெளிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“இன்னாப்பா ஆதி, நம்மாளுங்க யாரையும் காணோம்?”

“நீ வந்தியே பாய்.”

“வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் போட்டாங்கப்பா. நீதான் அதுல இல்லியே.”

அவர் கைப்பேசியைக் காட்டினார். வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: “மேடம் சொர்க்கத்துக்கும் லேட்டாத்தான் போவாங்க. முதல்ல வெயிட்டிங் ரூம்ல உக்கார்ந்துட்டுத்தான் உள்ள போவாங்க.” அதற்குக் கீழே சிரித்த முகங்கள். யார் எழுதியது என்று இங்கே சொல்லப்போவதில்லை. எழுதியவருக்குத் தெரியும்.

“தமாசுக்குப் போட்டதுப்பா. வுடு.”

“நீ என்ன போட்டே?”

“கை கூப்பிக்கினு கீதே, அதான்.”

“அந்தத் தமாசுக்கு மேலயா, கீழயா?”

இம்தியாஸ் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “சரி, நீ எதுனா எழுதிக் குடு. நான் குரூப்ல போடறேன். ஆனா சின்னதா எழுதுப்பா. பெருசா கீதுன்னா நம்மாளுங்க படிக்கமாட்டானுங்க,” என்றார்.

இது சின்னதாக இல்லை. அந்தக் கேலியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இல்லை. ஒருவர் செத்துப்போன நாளில், அவரைப் பற்றி நம்மிடம் மிச்சமிருப்பது ஒரு பொய் என்றால், அதை யாராவது திருத்தியாக வேண்டும்.

அடக்கம் முடிந்து சாந்தோம் சந்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனபோது பீட்டர் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார். “அக்கா இன்னா வேலை சார் பாத்தாங்க? கம்ப்யூட்டர்னு தெரியும். முப்பதாம் நாள் பூசைக்குக் கார்டு அடிக்கணும். ஒரு வரி போடணுமே.” ஒரே வீட்டில் இருந்த தம்பிக்குத் தெரியாததில் வியப்பில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நமக்கே தெரிந்திருக்கவில்லை.

பீட்டருக்குப் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிறிய நிறுவனங்களின் கணினிகளைப் பராமரித்தோம். ஸ்கேன் சென்டர், திருமண மண்டபம், பள்ளிக்கூடம். ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் வாங்காமல், ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல கணினிகளைக் குடிவைத்திருந்தோம். அவற்றுக்கு உடல் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். ஆனால் தன்னைத் தனிக் கணினி என்றே அது நினைத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினி என்பார்கள். நாங்கள் வி.எம். என்போம். தினமும் மாலையில் ஒவ்வொன்றையும் அப்படியே நகலெடுத்து வைப்போம். அதுதான் பேக்கப். ஏதாவது ஒன்று அழிந்துபோனால் அந்த நகலிலிருந்து அதை எழுப்ப வேண்டும். அந்த வேலை கிளாராவுடையது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவர் தாமதமாகத்தான் வருவார். காலையில் பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம், பிறகு பூசை. மத்தியானம் ஏதாவது ஒரு கணினியை, ஒன்றும் ஆகாமலேயே, நகலிலிருந்து எழுப்பிப் பார்ப்பார். இம்தியாஸ் அவரைச் சீண்டுவது வழக்கம். “நல்லாக் கீறவனுக்கு இன்னாத்துக்கு மேடம் ஆபரேசன்?” கிளாரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: “காலையில கோயில்ல பண்ணதும் இதுவும் ஒண்ணுதான் பாய். உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சிட்டிருக்கோம். தொறந்து பாத்தாத்தானே தெரியும்.”

நகல் நல்லபடியாக எழுந்துவிட்டது என்று மென்பொருள் பச்சை டிக் போடும். நமக்கெல்லாம் அதோடு வேலை முடிந்தது. அவருக்கு அங்கேதான் தொடங்கும். அடையாற்று ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து, “நேத்து கடைசியா வந்தவங்க பேரு என்னம்மா?” என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்பார். எழுப்பிய கணினியில் அந்தப் பெயரைத் தேடுவார். இருந்தால்தான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். “பச்சை டிக் எனக்கு வேணாம் ஆதி. ஒரு ஆளோட பேரு வேணும்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவரைப் பழமைவாதி என்று நீங்கள் சிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிட்டிங் ரூம் என்று நீங்கள் கேலி செய்வது எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். இந்தப் பத்தியை வெட்டாமல் இம்தியாஸ் போடுவார் என்று நம்புகிறேன். மேற்கு மாம்பலத்துத் திருமண மண்டபத்தின் கணினி படுத்துவிட்ட நாள். நம் மேலாளர் கோபிநாத் எல்லோர் தலைக்குப் பின்னாலும் நின்று, “சீக்கிரம், சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளாரா அன்று விடுப்பில் இருந்தார். இம்தியாஸ் சில நாள் பழைய நகல் ஒன்றை எழுப்பி, நேராக நெட்வொர்க்கில் விட்டுவிட்டார். அந்தக் கணினியைப் பொறுத்தவரை இடையில் ஒரு நாளும் கழியவில்லை. நகலெடுத்தபோது அனுப்புவதற்காகக் காத்திருந்த குறுஞ்செய்திகளை எல்லாம் எழுந்தவுடன் கடமையாக அனுப்பிவைத்தது. அதில் ஒன்று, “தங்கள் இல்லத் திருமணத்துக்கு மண்டபம் தயாராக உள்ளது. வருக.” அந்தத் திருமணம் இடையில் நின்றுபோயிருந்தது. ரத்து செய்த விவரம் நகலுக்குப் பிந்தைய நாளில் பதிவானது. நகலுக்கு அது தெரியாது.

மண்டபத்துக்காரர் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டார், விஷயம் முடிந்தது என்றார் கோபிநாத். மறுநாள் வந்த கிளாரா என்னை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஆட்டோவில் போனார். பெண்ணின் அப்பா கதவைத் திறந்து எங்களை நிற்கவைத்தே பேசினார்.

“யாரு அனுப்பினது?”

“மெஷின் சார். அதுக்கு நடுவுல நடந்தது தெரியாது. நாங்கதான் சொல்லியிருக்கணும். சொல்லலை.”

“எங்க பொண்ணு நம்பரைத்தான் குடுத்திருந்தோம்,” என்றார். “அவ பாத்துட்டா.”

உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கிளாரா மேற்கொண்டு விளக்கம் சொல்லவில்லை, கிளம்பவும் இல்லை. பெண்ணின் அப்பா போகச் சொல்லும்வரை நின்றார். திரும்பும் வழியில் ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: “தூங்கி எழுந்திரிக்கிற மெஷின் பாவம் ஆதி. அது தூங்கின எடத்துலேர்ந்தே பேசும். உக்கார வச்சு, என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் வெளிய விடணும்.”

அந்த வாரமே வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மூடிய நெட்வொர்க்கை உருவாக்கினார். எழுப்பிய கணினி முதலில் அதற்குள்தான் இருக்கும். காத்திருக்கும் செய்திகளை நிறுத்தி, விட்டுப்போன நாட்களின் விவரங்களைச் சேர்த்து, வைரஸ் கிருமி இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடுவார். அதற்கு வெயிட்டிங் ரூம் என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதைக் கேலிப் பெயராக்கியது நீங்கள்.

என் மனைவி பிரிந்துபோன வருடம் நான் நீண்ட விடுப்பில் இருந்தேன். காரணம் உங்களுக்கெல்லாம் தெரியும். சிலருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. திரும்பி வந்த அன்று காலையில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் கிளாரா நின்றுகொண்டிருந்தார். அவர் டீ குடிப்பவர் அல்ல.

“மேல போறதுக்கு முன்னாடி ஒரு டீ சாப்பிடுங்க ஆதி,” என்றார். நான் குடித்து முடிக்கும்வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். “உங்க சீட்டை பிரிண்டர் பக்கத்துக்கு மாத்திட்டாங்க. உங்க டீம் இப்ப இம்தியாஸ்கிட்ட. கோபி சார் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு, பதிலுக்கு நிக்கமாட்டாரு. வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும், அதனால யார்கிட்டயும் சொல்லவேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. அப்புறம், உங்க டம்ளர் ஒடஞ்சிடுச்சு.”

“யாரு ஒடச்சது?”

“அதைச் சொல்லமாட்டேன். நீங்க சாகறவரைக்கும் ஞாபகம் வச்சிருப்பீங்க.”

பிறகு நாங்கள் மேலே போனோம். அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, அதனால் எதுவும் என்னைத் தள்ளிவிடவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு நடந்த நல்லவை சொற்பம். அந்த டீ அவற்றில் ஒன்று.

இப்போது அடையாற்று விவகாரம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு காலை ஸ்கேன் சென்டரின் கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று யாரோ எங்கிருந்தோ பூட்டிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் ஸ்கேன் படங்கள் அதற்குள் இருந்தன. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். சென்டரின் டாக்டர் போனில் கத்தியது கோபிநாத்தின் அறைக்கு வெளியே கேட்டது. “நேத்து சாயந்தரம் எடுத்த நகல் இருக்கில்ல? எழுப்பி நேரா நெட்ல விடுங்க. பத்து மணிக்குள்ள ஓடணும்,” என்று கோபிநாத் உத்தரவிட்டார்.

“முதல்ல வெயிட்டிங் ரூம்ல வச்சுப் பாக்கறேன் சார்,” என்றார் கிளாரா.

“இன்னைக்குமா மேடம்?”

“இன்னைக்குத்தான் சார்.”

எழுப்பிய நகல் நன்றாகவே இருந்தது. பச்சை டிக்கும் வந்தது. கோபிநாத் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்த மூடிய நெட்வொர்க்குக்குள்ளேயே கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. பூட்டும் கிருமி முந்தைய நாள் நகலிலேயே குடியிருந்தது. நேராக வெளியே விட்டிருந்தால், நம்மிடம் இருந்த மற்றவர்களின் கணினிகளையும் அது தின்றிருக்கும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோபிநாத்தும் பார்த்தார். நீங்களும் எழுந்து வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்கள்.

அதற்கு முந்தைய நகல், அதற்கும் முந்தைய நகல் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றையும் எழுப்பினார், காத்திருந்தார், எழுந்ததை மட்டும் அழித்தார். கடைசியில் சுத்தமான ஒன்று கிடைத்தது. கம்பியைப் பிடுங்கி அலமாரியில் தனியாக வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தது. அது சில நாள் பழையது. விட்டுப்போன நாட்களின் படங்களை மட்டும் நோயுற்ற நகலிலிருந்து பிரித்தெடுத்துச் சோதித்து அதில் சேர்த்தார். வரவேற்பில் இருந்த பெண் போனில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, இவர் ஒவ்வொன்றாக “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை ஸ்கேன் சென்டர் ஓடியது. ஒருவருடைய படமும் தொலையவில்லை.

இரண்டு நாள் தாமதம் என்பதுதான் டாக்டருக்குத் தெரிந்தது. அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக மிரட்டினார். அதற்கான ஆய்வுக் கூட்டத்தில் கோபிநாத் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். “டெக்னிக்கலா பிரச்சினை ஒண்ணும் இல்லை. மேடத்தோட சில பர்சனல் பழக்கவழக்கங்களால டிலே ஆயிடுச்சு. வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?”

நீங்கள் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தீர்கள். மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்ததால் உங்கள் தலைகள் குனிந்திருந்தன. அதைத் துக்கம் என்றுகூட ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். நான் எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கோபிநாத் கண்ணால் பார்த்ததையும், பார்த்த பிறகு மறைப்பதையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வருந்தவில்லை. அப்போது கிளாரா என் சட்டைக் கையைத் தொட்டார்.

“விடுங்க ஆதி. லேட் ஆனது என்னாலதான் சார். மன்னிச்சிடுங்க.”

கூட்டம் முடிந்துவிட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. யாரைக் காப்பாற்ற எழுந்தேனோ அவரே, அதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

சில மாதங்களில் அவர் வேலையை விட்டார். பிரிவு உபசாரத்தில் கோபிநாத் சால்வை போர்த்தினார். கிளாரா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அதையும் நான் மறக்கவில்லை. அலுவலகம் பெருங்குடிக்கு மாறியபோது, குப்பைமேட்டுப் புகை வரும் ஜன்னலோரம் எனக்கு இடம் கொடுத்தார்கள். என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. பிறகு நானும் விட்டேன். இப்போது அசோக் நகரில் ஓர் அறையில் இருந்துகொண்டு இரண்டு மூன்று கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சில நாட்களில் மாலைவரை யாரிடமும் பேசியிருக்கமாட்டேன். கடைக்குப் போய் ஏதாவது கேட்கும்போது குரல் கரகரக்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது அடையாறு டிப்போ பக்கத்தில். ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். வருடக்கணக்காக வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?”

அவர் வடையைச் சாம்பாரில் அமுக்கினார். “அன்னைக்கு மணி மூணு ஆயிடுச்சு ஆதி. யாரும் சாப்பிடலை. பழியை ஒருத்தர் வாங்கிக்கிட்டாத்தான் கூட்டம் முடியும்.”

“இது ஒரு பதிலா?”

“பசிக்கு இதான் பதில்.”

“நான் உங்களுக்காக நின்னேன். என்னை நிக்க வச்சிட்டு நீங்க போய்ட்டீங்க.”

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். சர்வர் வந்து, “வேற என்ன சார்?” என்றார். கிளாரா, “இவருக்கு ஒரு காபி. சர்க்கரை கம்மி,” என்றார். பிறகு என்னிடம், “நீங்க கேட்டதுக்கு யோசிச்சுத்தான் சொல்லணும். போன் பண்றேன்,” என்றார். அவர் செய்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொன்னால் செய்பவர். இதை மட்டும் செய்யவில்லை.

பீட்டரின் அட்டைக்கு, ‘போனவற்றைத் திரும்ப எழுப்பியவர்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் சார் கீது. ஆனா ஃபாதர் ஒத்துக்கமாட்டாரு. அது நம்ம ஆண்டவரோட வேலை.” ஆக, அட்டையில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்றுதான் வரும். இருக்கட்டும். அதனால்தான் இங்கே நீளமாக எழுதினேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். குழுவில் அந்தக் கேலியை எழுதியவர் அதை நீக்கிவிட வேண்டும். சிரித்தவர்கள், அடையாற்றில் ஒருவர் படமும் தொலையவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினீர்களா என்று பார்க்க நான் அந்தக் குழுவில் இல்லை. இம்தியாஸிடம் கேட்டுக்கொள்வேன்.

அவருடைய பொறுமையையும் புன்னகையையும் பற்றி உங்களில் சிலர் முப்பதாம் நாளில் பேசுவீர்கள். அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை. போனவர்மேல் கோபம் எதற்கு, விட்டுவிடு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். மனதில் இப்படி ஒன்று கிடந்தால் எடுத்துச் சொல்வதற்கு எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.